புயல் அடித்தால் கிளவுடில் உள்ள பைல் என்னாகும்?

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் கூட ஆகாத சித்தப்பா ஒருவர் எனக்கு எளாவூரில் இருக்கிறார். கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர். பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் இறாலையும் நண்டையும் கரையிலேயே எடை போட்டு வாங்கி, ஐஸ் நிரப்பி, சென்னைக்கு வேன் ஏற்றி விடுவது சித்தப்பாவின் தொழில். வலை வாங்க, படகு பழுது பார்க்க என்று ஏரிக்கரைக் குப்பங்களில் பலருக்கும் முன்பணம் கொடுத்திருப்பார். அவர்கள் சரக்கு போடப் போட அந்தப் பணம் கழியும். இருபது வருடமாக இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நீள நோட்டில் இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். புயல் டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சித்தப்பாவின் நோட்டு அதற்கு முன்பே மேஜை டிராயரில் ஊறிப் போயிருந்தது. நீல மை அத்தனையும் கரைந்து விட்டது. பிறகு அவர் ஒவ்வொரு வீடாகப் போய், "உன் கணக்கு எவ்வளவு இருந்தது, நீயே சொல்லு" என்று கேட்டு, அவர்கள் சொன்ன தொகையையே எழுதிக் கொண்டார். பெரும்பாலானவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். இருவர் விஷயத்தில் மட்டும் பேச்சு நின்று போனது. அவர்கள் பொய் சொன்னார்களா, சித்தப்பாவின் ஞாபகம்தான் தவறா என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் லேப்டாப் வாங்கினார். கணக்கு எக்ஸெலுக்கு மாறியது. பைலை கிளவுடில் வைக்கவும் நானே கற்றுக் கொடுத்தேன். கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஏம்பா, கிளவுடு கிளவுடுன்றியே, அது எங்கதான் கீது? அங்க புயல் அடிச்சா?"

நான் மென்பொருள் பொறியாளர். இரண்டு ஊர்களில் உள்ள கிளவுட் நெட்வொர்க்குகளை இணைத்து, ஒரு பக்க டேட்டாவை மறுபக்கம் நகல் எடுக்க வைப்பதுதான் அலுவலகத்தில் என் வேலை. ஆனாலும் சித்தப்பாவுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொன்னதை இங்கே விரிவாகத் தருகிறேன்.

கிளவுட் எங்கே இருக்கிறது?

மேகத்தில் இல்லை. தரையில், கட்டிடங்களுக்குள் இருக்கிறது. வரிசை வரிசையாக சர்வர்கள், ஏசி, பேட்டரி, ஜெனரேட்டர் வைத்த இந்தக் கட்டிடங்களை டேட்டா சென்டர் என்பார்கள். மைக்ரோசாப்ட் தன் அஸூர் கிளவுடுக்காக 2015ல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016ல் மும்பையிலும் 2022ல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. கூகுள் 2017ல் மும்பைக்கும் 2021ல் டில்லிக்கும் வந்தது. ஒவ்வொரு இடத்தையும் ஒரு ரீஜன், அதாவது பகுதி, என்று அழைப்பார்கள்.

ஆக, சித்தப்பாவின் கேள்வி நியாயமானது. கட்டிடம் என்றால் அதற்கும் வெள்ளம் வரலாம், தீப்பிடிக்கலாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுவதுமாக எரிந்து போனது. பேக்கப் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் தன் பேக்கப்பைத் தேடியபோது, அதுவும் அதே இடத்தில் எரிந்து போயிருந்தது தெரிந்தது. வழக்கு நடந்து, 2023ல் நீதிமன்றம் நஷ்டஈடு தரச் சொன்னது. ஆனால் டேட்டா திரும்பி வரவில்லை.

இன்னும் பெரிய கதை தென் கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் இருந்த அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் பைல்களைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அழிந்தது. அதில் 858 டெராபைட் டேட்டா இருந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை என்றார்கள். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இன்று உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கலாம். அப்படி 858 டிஸ்க்குகளில் அடங்கும் பைல்களுக்கு வேறு ஊரில் இரண்டாம் நகல் இல்லை.

நகல் எடுப்பதில் இரண்டு வகை

ஒரு இடத்தில் எழுதப்படும் டேட்டாவை இன்னொரு இடத்திலும் தொடர்ந்து எழுதிக் கொண்டே இருப்பதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். வாரம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி செய்வது போல அல்ல. நீங்கள் சேவ் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மறு ஊரிலும் சேவ் ஆகிறது.

இதை உடனுக்குடன் செய்யலாம். முதல் இடத்தில் எழுதி, இரண்டாம் இடத்திலும் எழுதி, "எழுதி விட்டேன்" என்ற பதில் அங்கிருந்து வந்த பிறகே உங்களுக்கு "சேவ் ஆகிவிட்டது" என்று காட்டும் முறை இது. ஒரு எழுத்துக் கூடத் தொலையாது. ஆனால் ஒவ்வொரு சேவுக்கும் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு முறையில் முதல் இடத்தில் எழுதியவுடனேயே உங்களுக்குப் பதில் கிடைத்து விடும். இரண்டாம் இடத்துக்கு டேட்டா கொஞ்சம் பின்தங்கிப் போய்ச் சேரும். வேகம் குறையாது. ஆனால் விபத்து நடந்தால் கடைசியாக எழுதியவை தொலையலாம்.

எப்போதும் முதல் முறையையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். தடுப்பது தூரம். கண்ணாடி இழைக் கேபிளுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் புனேக்கும் சாலை வழியில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். போய் வர 2,400. அதற்கு ஒளிக்கே 12 மில்லி செகண்ட் ஆகிறது. வழியில் உள்ள கருவிகள் எடுக்கும் நேரம் தனி. விண்டோஸ் சர்வரில் 2016 முதல் வரும் ஸ்டோரேஜ் ரெப்ளிகா என்ற வசதியை எடுத்துக் கொள்ளுங்கள். உடனுக்குடன் நகல் எடுக்க, போய் வரும் நேரம் சராசரியாக 5 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாப்ட். ஆகவே சென்னை - புனே இடையே இரண்டாவது முறைதான் சரிப்படும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியை வேகமாக ஓட வைக்க முடியாது.

சாதாரண வாடிக்கையாளர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கிளவுட் ஸ்டோரேஜ் வாங்கும்போதே "வேறு பகுதியிலும் நகல் வேண்டும்" என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், நிறுவனமே தன் உள் கேபிள்கள் வழியாக நகல் எடுத்து விடும். அஸூரில் சென்னையின் ஜோடி புனே. நகல் பொதுவாக 15 நிமிடத்துக்கும் குறைவாகவே பின்தங்கும். நீங்கள் எந்த நெட்வொர்க்கையும் இணைக்க வேண்டாம். முதலிலேயே இதைச் சொல்லக் காரணம், இந்த ஒரு வசதியே போதும் என்கிற இடத்திலும் பெரிய வேலையை இழுத்து விட்டுக் கொள்பவர்கள் எங்கள் துறையில் நிறைய பேர். நானும்தான்.

உங்கள் சொந்த சர்வரைக் கிளவுடில் ஓட்டும்போதுதான் நிலைமை மாறுகிறது.

சுவருக்குள் ஒரு தெரு

கிளவுடில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால் அதை நேரடியாக இன்டர்நெட்டில் நிறுத்தக் கூடாது. அதைச் சுற்றி ஒரு தனி நெட்வொர்க் அமைக்க வேண்டும். உண்மையில் அங்கே உங்களுக்கென்று தனியாக எந்த ஒயரும் கிடையாது. எல்லாம் மென்பொருளால் போட்ட எல்லைக் கோடு. அதனால் இதை விர்ச்சுவல் நெட்வொர்க் என்கிறார்கள். மதில் சுவருக்குள் இருக்கும் ஒரு தெரு என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம். வெளியில் இருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருப்பது போல, இங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஐபி எண் உண்டு. உள்ளுக்குள் பயன்படுத்துவதற்கென்றே 10ல் தொடங்கும் எண்கள், 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள், 192.168ல் தொடங்கும் எண்கள் ஆகியவற்றை 1996லேயே ஒதுக்கி விட்டார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் சுவருக்குள் இவற்றை வைத்துக் கொள்ளலாம். எளாவூரிலும் கதவு எண் 7 இருக்கும், ஆரம்பாக்கத்திலும் கதவு எண் 7 இருக்கும். ஊர்கள் தனித்தனியாக இருக்கும் வரை குழப்பம் இல்லை.

இப்போது சென்னையில் ஒரு தெரு, புனேயில் ஒரு தெரு. சென்னை சர்வர் தன் டிஸ்க்கில் எழுதுவதை புனே சர்வருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு சுவர்களிலும் வாசல் வைத்து, நடுவே யாரும் நுழைய முடியாத பாதை போட வேண்டும். கிளவுட் நிறுவனத்தின் சொந்தக் கேபிள் வழியாகவே இரண்டையும் இணைப்பதற்குப் பியரிங் என்று பெயர். இன்டர்நெட் வழியாகவே, ஆனால் பூட்டிய சுரங்கப் பாதை போல மறைகுறியாக்கம் செய்து அனுப்புவது விபிஎன். ஒரே நிறுவனத்தின் கிளவுடுக்குள் என்றால் பியரிங் வேகமானது, அமைப்பதும் எளிது. ஒரு பக்கம் அமேசான், மறுபக்கம் அஸூர் என்றால் விபிஎன் அல்லது தனியாக வாடகைக்கு எடுத்த லைன்தான் வழி.

அமேசானில் 2014ல் வந்த பியரிங் ஒரே பகுதிக்குள் மட்டும்தான் இருந்தது. வெவ்வேறு ஊர்களுக்கு இடையே 2017 இறுதியில்தான் வந்தது. அஸூரில் இந்த வசதி 2018ல் முழுமையாகக் கிடைத்தது. அதற்கு முன் இந்த வேலை செய்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் விபிஎன் கேட்வே வைத்து, மணிக் கணக்கில் வாடகை கட்டி அவதிப்பட்டார்கள்.

நான் மாட்டிக் கொண்ட இடம்

சில வருடங்களுக்கு முன், கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்காக இந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டி வந்தது. அவர்களுடைய சர்வர் சென்னைப் பகுதியில் இருந்தது. கொள்முதல், குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலைப் பதிவுகள், ஏற்றுமதிச் சான்றிதழ்கள் எல்லாம் சேர்த்து 600 ஜிபி. வெப்பநிலைப் பதிவு இல்லாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நின்று விடலாம் என்று அவர்களுடைய மேலாளர் சொல்லியிருந்தார். புனேயில் இரண்டாவது நெட்வொர்க் அமைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். அரை நாள் வேலை என்று சொல்லி விட்டு உட்கார்ந்தேன்.

பியரிங் பக்கத்துக்குப் போய், விவரங்களைக் கொடுத்து, பட்டனைக் கிளிக் செய்தேன். முகவரிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன என்று பிழைச் செய்தி வந்தது. சென்னை நெட்வொர்க் 10.0.0.0/16. புனேயும் 10.0.0.0/16. இரண்டும் வெவ்வேறு கணக்கில், வெவ்வேறு நாளில் உருவாக்கப்பட்டவை. இரண்டு முறையும் திரையில் தானாக வந்த எண்ணை மாற்றாமல் அப்படியே ஓகே கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு ஓகே என்னுடையது.

இந்த /16 என்பதற்கு, முதல் இரண்டு எண்கள் மாறாது, கடைசி இரண்டும் 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். 256ஐ 256ஆல் பெருக்கினால் 65,536 முகவரிகள். நாங்கள் பயன்படுத்தியது நான்கு.

ஒரே எண்கள் இருந்தால் ஏன் இணைக்க முடியாது? எளாவூருக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ஊர் எல்லையை எடுத்து விட்டு, முகவரியில் ஊர் பெயரும் எழுதக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். எளாவூர் தபால்காரரிடம் "7ஆம் எண் வீடு" என்று ஒரு கடிதம் வந்தால் அவர் எங்கே போவார்? தன் ஊரில் இருக்கும் 7ஆம் எண் வீட்டுக்குத்தான். ஆரம்பாக்கம் பக்கம் திரும்பவே மாட்டார். நெட்வொர்க்கும் அப்படியே. தன் சுவருக்குள் உள்ள முகவரி என்று தெரிந்தால் வெளியே அனுப்பாது. அதனால்தான் இணைப்பையே அனுமதிப்பதில்லை.

புனே நெட்வொர்க்கில் அப்போது எதுவும் ஓடவில்லை என்பதால் தப்பித்தேன். அழித்து விட்டு 10.20.0.0/16 என்று புதிதாக அமைத்தேன். இரண்டு பக்கமும் ஓடும் சர்வர்கள் இருந்திருந்தால், ஒரு பக்கத்தை நிறுத்தி எண்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். வாரக் கணக்கில் ஆகும் வேலை அது.

அடுத்து, பியரிங்கை இரண்டு பக்கமும் தனித்தனியாக அமைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் "தொடங்கப்பட்டது" என்றே நிற்கும். மறுபக்கமும் செய்த பிறகுதான் "இணைக்கப்பட்டது" என்று மாறும். சம்மதம் இரண்டு வீட்டாரும் சொல்ல வேண்டும். இந்த உறவு மூன்றாவது வீட்டுக்கும் தாவாது. சென்னையும் புனேயும் இணைப்பு, புனேயும் மும்பையும் இணைப்பு என்றால், சென்னையும் மும்பையும் பேசிக் கொள்ளும் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனியாக இன்னொரு பியரிங் போட வேண்டும்.

இணைப்பு வந்து விட்டது. பிங் கட்டளை கொடுத்தால் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் நெட்வொர்க்கைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் புனே சர்வரில் இருந்த விண்டோஸ் பயர்வால்தான் பிங்கைத் தடுத்துக் கொண்டிருந்தது. பாதை சரியாக இருக்கிறது, வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அதைத் திறந்த பிறகு எண்ணைக் கொடுத்தால் போகிறது, சர்வரின் பெயரைக் கொடுத்தால் போகவில்லை. பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி. அதற்கு இரண்டுக்கும் பொதுவான டிஎன்எஸ் அமைக்க வேண்டியிருந்தது.

ஸ்டோரேஜ் ரெப்ளிகா டேட்டாவை அனுப்பப் பயன்படுத்துவது 445 என்ற போர்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாக்ரை வைரஸ் பரவியது இதே போர்ட் வழியாகத்தான். உங்கள் வீட்டு ரூட்டரில் எக்காரணம் கொண்டும் இதை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். யூடியூபில் யாராவது திறக்கச் சொன்னாலும் திறக்க வேண்டாம். இரண்டு நெட்வொர்க்குகளைத் தனிப் பாதையில் இணைப்பதற்கு முக்கியக் காரணமே, இது போன்ற கதவுகளை உலகத்துக்குக் காட்டாமல் உள்ளுக்குள் மட்டும் திறந்து கொள்ளலாம் என்பதுதான்.

நகல் எடுக்கத் தொடங்கியதும் புனே சர்வரில் இருந்த டிரைவ் திடீரென்று மறைந்து விட்டது. எக்ஸ்ப்ளோரரில் தேடினால் இல்லை. எனக்கு வியர்த்து விட்டது. பிறகுதான் படித்தேன், நகல் வாங்கிக் கொண்டிருக்கும் டிரைவை யாரும் திறக்கக் கூடாது என்பதற்காக விண்டோஸ் அதை மறைத்து வைக்குமாம். நகல் சரியாக இருக்கிறதா என்று இடையில் திறந்து சோதிக்கும் வசதி 2019 பதிப்பில்தான் வந்தது.

600 ஜிபி போய்ச் சேர எவ்வளவு நேரம்? நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு முழுவதும் ஓட விட்டேன். பியரிங்கில் போகும் டேட்டாவுக்கு அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் கட்டணம் உண்டு என்பதை மாதக் கடைசியில் பில் வந்தபோது அவர்களிடம் விளக்க வேண்டியிருந்தது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாலமே பழுதானால்?

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் விடவில்லை. "ரெண்டு பக்கமும் நல்லாதான் இருக்குது, நடுவுல பாதை அறுந்து போச்சுன்னா?"

இதற்கு மும்பையில் நடந்த உண்மைச் சம்பவம் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இக்கு மும்பையில் முதன்மை மையம், அதே நகரில் சற்றுத் தள்ளி ஒரு துணை மையம், வெகு தூரத்தில் நம் சென்னையில் பேரிடர் கால மையம் என மூன்று இடங்கள் உண்டு. ஏன் மூன்று என்று இப்போது உங்களுக்கே புரியும். பக்கத்தில் உள்ள துணை மையத்துக்கு ஒரு வர்த்தகம் கூடத் தொலையாமல் உடனுக்குடன் நகல் போகும். ஆனால் மும்பைக்கே ஆபத்து என்றால் பக்கத்து மையமும் சேர்ந்து போகும். அதற்குத்தான் சென்னை.

2021 பிப்ரவரி 24 அன்று, மும்பையின் இரண்டு மையங்களுக்கும் நடுவே இருந்த தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் லைன் வாங்கி வைத்திருந்தார்கள். வழியில் சாலையில் நடந்த தோண்டும் வேலையால் இரண்டுமே பாதிக்கப்பட்டதாகப் பின்னர் என்எஸ்இ விளக்கம் அளித்தது. இணைப்பு போனால் முதன்மை மையத்தின் ஸ்டோரேஜ் தனியாகவே ஓட வேண்டும், அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள். ஆனால் அன்று அது எதிர்பாராத விதமாக நடந்து கொண்டது. முதன்மை மையத்தில் இருந்த சர்வர்களுக்கே தங்கள் ஸ்டோரேஜ் எட்டவில்லை. ரிஸ்க்கைக் கண்காணிக்கும் சிஸ்டம் நின்றது. காலை 11.40க்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மாலை 3.45க்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடத்தினார்கள். சென்னை மையத்துக்கு மாறவே இல்லை.

நகல் எடுப்பதற்காகப் போட்ட பாதையே அசலை முடக்கியது என்பதுதான் இதில் எனக்குத் திகைப்பு. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கிய சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் இருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்றது.

வீட்டில் நீங்கள் செய்யக் கூடியது

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கதை என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பொங்கல் விடுமுறையில் சித்தப்பாவின் லேப்டாப்பையும் ஆவடியில் என் அறையில் உள்ள கம்ப்யூட்டரையும் இணைத்தேன். அங்கேயும் அதே 7ஆம் எண் வீட்டுப் பிரச்சினைதான். அவர் ரூட்டரும் 192.168.1.1, என் ரூட்டரும் 192.168.1.1. பெரும்பாலான வீடுகளில் இதுவோ 192.168.0.1 ஆகவோதான் இருக்கும். விபிஎன் மூலம் இரண்டு வீடுகளை இணைப்பதாக இருந்தால் முதலில் ஒரு வீட்டு ரூட்டரின் செட்டிங்ஸில் லேன் என்ற பகுதிக்குப் போய் 192.168.50.1 என்பது போல மாற்றி விடுங்கள். ரூட்டர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். பிரிண்டருக்கு நிலையான எண் கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் இப்போது வீட்டுக்கென்று தனி பொது ஐபி தருவதில்லை. பல வீடுகளுக்கு ஒன்று என்று பங்கு போடுகிறார்கள். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்கள் வீடும் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் ஒன்று. வெளியில் இருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வர முடியாது. டெய்ல்ஸ்கேல் போன்ற புரோகிராம்கள் இதையும் தாண்டி இணைப்புக் கொடுக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

ஆனால் ஒரு போல்டரை மட்டும் இரண்டு இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் நெட்வொர்க்கை இணைக்கவே வேண்டாம். சின்க்திங் என்ற இலவச புரோகிராம் போதும். சித்தப்பாவுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுவியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான அடையாள எண் வரும். ஒன்றின் எண்ணை மற்றொன்றில் கொடுத்து, இரண்டு பக்கமும் சம்மதம் தெரிவித்து, கணக்கு போல்டரைப் பகிர்ந்திடவும். பியரிங் போலவே இதற்கும் இரு வீட்டார் சம்மதம் தேவை. என் பக்கத்தில் "பெறுவதற்கு மட்டும்" என்று வைத்தேன். நான் தெரியாமல் எதையாவது மாற்றினாலும் அது எளாவூருக்குப் போகாது. கணக்கு பைல் சிறியது, சில நொடிகளில் வந்து விட்டது. பிறகு அவர் கல்யாண ஆல்பம், கோயில் திருவிழா வீடியோ என்று 20 ஜிபி சேர்த்து விட்டார். அவர் வீட்டு அப்லோட் வேகம் 10 மெகாபிட். நான்கரை மணி நேரம் ஓடியது.

முக்கியமான ஒன்றை மறந்து விடக் கூடாது. ரெப்ளிகேஷன் வேறு, பேக்கப் வேறு. நல்லதை எப்படி உடனே நகல் எடுக்கிறதோ, கெட்டதையும் அப்படியே எடுக்கும். நீங்கள் ஒரு பைலை அழித்தால் மறு ஊரிலும் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் மறு ஊரிலும் பூட்டிய பைல்தான் இருக்கும். மாசி மாதத்தில் இதற்கும் சோதனை வந்தது. சித்தப்பா ஒரு ஷீட்டில் இருந்த வரிகளைத் தவறுதலாக அழித்து, சேவும் செய்து விட்டு, இரவு பத்து மணிக்கு போன் செய்தார். குரலே சரியில்லை. "அந்த நோட்டு கதைதான் மறுபடியும்" என்றார். என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அங்கேயும் வரிகள் இல்லை. நகல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

காப்பாற்றியது சின்க்திங்கில் உள்ள பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி. பைல் வெர்ஷனிங் என்ற டேபில் ஸ்டேகர்டு என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். நகல் பெறும் கம்ப்யூட்டர், மாறிய பைலின் பழைய பதிப்புகளைத் தனி போல்டரில் போட்டு வைக்கும். இது தானாக ஆன் ஆகியிருக்காது, நீங்கள்தான் செய்ய வேண்டும். அன்று மதியம் வரை இருந்த பைலை எடுத்து அனுப்பினேன். மாலையில் எழுதிய நான்கு வரிகளை மட்டும் அவர் நினைவில் இருந்து மறுபடி அடித்தார். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கும் அழித்த பைல் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பழைய பதிப்புகளும் கிடைக்கும். பைலின் மீது ரைட் கிளிக் செய்து பதிப்பு வரலாறு எங்கே இருக்கிறது என்று இன்றே ஒருமுறை பார்த்து வைத்து விடுங்கள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்கிறோம். சித்தப்பா தன் லேப்டாப்பை மூடி வைத்து விட்டு, ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார். அந்தக் கணக்கை நான் ஆவடியில் இருந்து படிக்க வேண்டும். போன மாதம் ஒருவருடைய பாக்கியில் வித்தியாசம் வந்தது. தேடிப் பார்த்ததில், முந்தைய இரவு கரன்ட் போய் அவர் வீட்டு ரூட்டர் அணைந்த பிறகு, லேப்டாப் பேட்டரியில் அவர் எழுதிய கடைசி வரவு மட்டும் எனக்கு வந்து சேரவில்லை. காலையில் ரூட்டரை ஆன் செய்யவும் மறந்திருக்கிறார். "அதான் நீ சொன்ன பின்தங்குறது" என்றார். அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டிக்குப் போய் ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வந்தார். கூடவே ஒரு நீள நோட்டும், அதைப் போட்டு வைக்க ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரும்.